தீசன் வீட்டுச் சீலிங் விரிசல்

கனடாவின் வினிபெக்கில் ஜிப்சம் பலகைகளின் இணைப்புகளுக்கு டேப் ஒட்டிப் பட்டி பார்ப்பது மார்லிஸின் தொழில். பதினெட்டு வருடத்தில் அவளை இவ்வளவு படுத்தியது ஒரே ஒரு மூலைதான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தீசனின் வீட்டுக் கூடத்தில், நடுச்சுவரும் சீலிங்கும் சேரும் இடம்.

ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பதைத் தொட்டதும் அங்கே டேப் கிழிந்து விரிசல் விடும். அவள் போய்ச் சுரண்டி, புது டேப் ஒட்டி, மூன்று கை பட்டி பூசித் தேய்த்துவிட்டு வருவாள். ஜூனில் விரிசல் தானாக மூடிக்கொண்டு, பூசியதை வெளியே பிதுக்கித் தள்ளும். மூன்று வருடமாக இதே கூத்து.

நான்காவது ஜனவரியில் தீசன் கதவைத் திறந்ததுமே, "வாம்மா. உனக்கு ஒரு ரூமே ஒதுக்கிடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

"வேணாம் சார். நானே நொந்து போயிருக்கேன்."

பட்டி வாளியைத் திறக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. ஏணி போட்டுக் கூரைக்கடியில் ஏறி, குளிர்காப்புப் பஞ்சை விலக்கினாள். நடுச்சுவரின் தலைக்கும் மேலே ஓடிய கூரை மரச்சட்டத்துக்கும் நடுவே அவள் விரல் நுழைந்தது. குளிர்காலத்தில் சட்டம் வில்லாக மேலே வளைந்து, தன்னோடு முடுக்கிய சீலிங்கையும் தூக்கிக்கொண்டு போயிருந்தது. எத்தனை டேப் ஒட்டினாலும் கிழியத்தான் செய்யும்.

மறுநாள் கான்ட்ராக்டர் ஓரெஸ்டிடம் சொன்னாள்: "சுவரோரமா ஒன்றரை அடிக்குச் சட்டத்துல ஸ்க்ரூவே வேணாம். பலகை ஓரத்தைச் சுவர் தலையில கட்டை வச்சு முடுக்கிடலாம். சட்டம் தூக்கினா பலகை வளைஞ்சு கொடுக்கும், மூலை அசையாது."

"ஸ்க்ரூவைக் கழட்டினா கெட்டியா நிக்குமா? மண்டையிலயும் பட்டி அடைச்சுக்கிட்டியா?"

"அப்ப அடுத்த ஜனவரி நீயே போய்க்க."

ஓரெஸ்ட் முனகிக்கொண்டே சம்மதித்தான். ஜூனில், சட்டம் இறங்கியபின், அவள் சொன்னபடியே செய்து டேப் ஒட்டினாள்.

அடுத்த ஜனவரியில் யாரும் கூப்பிடாமலே போனாள். தீசன் டார்ச் அடிக்க, ஏணியில் ஏறி மூலை நெடுக விரலை ஓட்டினாள். மயிரிழை விரிசல்கூட இல்லை.

"அப்ப மூணு வருஷமா எதுக்கும்மா என் வீட்டைப் புழுதிக்காடாக்கினே?"

"பட்டியிலதான் தப்புன்னு நினைச்சேன் சார். மரத்தை யார் பார்த்தா?"

அவர் காபி ஊற்றப் போனார். அவள் ஏணியிலிருந்து இறங்காமல், இன்னொரு முறை முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்தாள்.