பலாக்கொட்டை பெல்ட்

தமிழ்மாறனுக்கு ஒரே ஒரு ஆசைதான். நாலு வயது மகள் இசைப்பிரியா தன்னிடம் எதையாவது கேட்க வேண்டும். அடம்பிடித்துக் கேட்டாலும் சரி, அழுது கேட்டாலும் சரி. பிள்ளைகள் அது வேண்டும் இது வேண்டும் என்று நச்சரிப்பதாக மற்ற அப்பாக்கள் அலுத்துக்கொள்ளும்போது அவனுக்குப் பொறாமையாக இருக்கும். இசைப்பிரியாவுக்கு ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. தாகமெடுத்தால் போய்த் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நிற்பாள். யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் பயிற்சியாளர் பவித்ரா சொல்லியிருந்தாள்: "சொல்லிக்குடுக்காதீங்க சார். தரையில ஒக்காந்து அவ வெளாடறத நீங்களும் வெளாடுங்க. நடுவுல நிறுத்திட்டு, அவ மூஞ்சியப் பாத்துகினு சும்மா இருங்க. அவ்ளோதான்."

இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். ஆனால் நிறுத்துவது ஒன்றுதான் தமிழ்மாறனுக்கு வராது. சுரங்கத்தில் கரி ஏற்றிவரும் கன்வேயர் பெல்ட்டில் அவனுக்கு வேலை. பெல்ட் நின்றுவிட்டால் போன் மேல் போன் வரும். ஏன் நின்றது, யார் நிறுத்தியது என்று குடைந்து எடுத்துவிடுவார்கள். கான்ட்ராக்டில் சேர்ந்து பர்மனென்ட் ஆவதற்குள் பெல்ட் நிற்கக் கூடாது என்பது அவன் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டின் கூடத்தில், நீளவாக்கில் அறுத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தான். காடாம்புலியூர் பலாப்பழத்தின் கொட்டைகள் ஒரு முறத்தில் காய்ந்து கிடந்தன. இசைப்பிரியா கொட்டையைக் குழாயின் மேல்முனையில் வைப்பாள். அது உருண்டு போய்க் கீழே அலுமினியச் சட்டியில் 'ணங்' என்று விழும். கைகளைப் படபடவென்று உதறிச் சிரிப்பாள். அந்தக் கொட்டை விழுவதற்குள் தமிழ்மாறன் அடுத்ததை அவள் கையில் வைத்திருப்பான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மனுஷன் ஓவர்டைம் பார்ப்பவன் போல உழைத்தான்.

மனைவி சண்முகப்ரியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வூட்லயும் ஷிப்ட் பாக்கறீங்களா?"

"புள்ள சந்தோஷமாத்தான வெளாடிகினு இருக்குது?"

"இருக்கா. ஆனா அவ ஒங்கள எதுக்குக் கேக்கணும்? கேக்கறதுக்கு முன்னயே கையில வந்து வுழுவுது. மேடம் நிறுத்தச் சொன்னாங்க. நீங்க பெல்ட் ஓட்டிகினு இருக்கீங்க."

தமிழ்மாறனுக்குச் சுருக்கென்றது. முதலில் அவள்மேல் கோபம் வந்தது. பிறகு அவள் சொன்னது உண்மை என்று புரிந்தது. முறத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு கொட்டையை மட்டும் கைக்குள் மூடிக்கொண்டான்.

இசைப்பிரியா கையை நீட்டினாள். ஒன்றும் வரவில்லை. குழாயைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். மெல்ல முனக ஆரம்பித்தாள். தமிழ்மாறன் கையைத் திறக்கப் போனான். கொடுத்துத் தொலைத்தால் என்ன?

"இருங்க" என்றாள் சண்முகப்ரியா.

குழந்தை எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டது. போச்சு, நன்றாக இருந்த விளையாட்டையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தான். ஆனாலும் அசையவில்லை.

இசைப்பிரியா திரும்பி வந்தாள். அவன் முட்டியில் சாய்ந்துகொண்டு, மூடிய கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

தமிழ்மாறன் கையைத் திறந்தான். அவள் எடுத்துக் குழாயில் வைத்த கொட்டை உருண்டு சட்டியில் விழுந்தது. ஆனால் இந்த முறை அவள் கைகளை உதறவில்லை. சட்டிக்குள் கைவிட்டு அதே கொட்டையை எடுத்து வந்தாள். குழாயில் வைப்பாள் என்று பார்த்தால், அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரல்களைத் தானே ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"ம்."

"கேக்கறா பாரு" என்றான் தமிழ்மாறன். அந்தக் கையைத் திறக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் மூடியே வைத்திருந்தான்.