காணோம் என்ற சொல்

கருக்களாச்சேரி மீனவர் சிவக்குமார், கடலில் மூழ்கி இறந்ததாகச் செய்தி வெளியான மூன்றாம் நாள் முற்பகல் பதினோரு மணிக்கு, வேதாரண்யத்திலிருந்து வந்த பேருந்தில் உயிரோடு வந்து இறங்கினார். அன்று முதல் அவர் உடம்பிலிருந்து கடல்நீர் வடிவது நிற்கவில்லை. நாளொன்றுக்கு இரண்டு குடம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மூன்று. துடைத்துவிட்டாலும் முழங்கையிலிருந்தும் காது மடலிலிருந்தும் மறுபடி சொட்டும். காரைக்காலில் ஒரு மருத்துவர் அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உப்பின் அளவு கடலில் இருப்பதேதான், வேறு கோளாறு ஒன்றுமில்லை, இளநீர் நிறையக் கொடுங்கள் என்று அனுப்பிவைத்தார். சில நாள் அதில் பொடி இறால் கிடந்தது.

அந்தச் செய்தியை வெளியிட்டவர் தமீம் அன்சாரி. தருமபுரத்தில் வீடு; இருபத்திரண்டு வருட நிருபர். முன்பெல்லாம் வரிச்சிக்குடியில் நாற்று அழுகினாலும் கடற்கரையில் படகு கவிழ்ந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய் நிற்பவர். முதலாளி அஜ்மீர் நடத்திய நாளிதழ் இணையச் செய்தித்தளமாக மாறியபோது அலுவலகத்தில் ஏழு பேர் இருந்தார்கள். மென்பொருள் வந்த ஆறாவது மாதம் அன்சாரி ஒருவர்தான் மிஞ்சினார். எல்லோரும் மெஷின் என்றே சொன்ன அந்த மென்பொருள், ஊர் வாட்ஸப் குழுக்களையும் காவல் நிலையக் குறிப்புகளையும் வானிலை அறிக்கைகளையும் தானே படித்து, நாளுக்கு எழுபது செய்தி எழுதியது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதுதான் அன்சாரியின் வேலை. மரணச் செய்தி என்றால் அழுத்துவதற்கு முன் ஒரு போன் போட்டு விசாரிக்க வேண்டும் என்பது அவரே வைத்திருந்த விதி. முதல் மூன்று மாதம் விசாரித்தார். பிறகு மெஷின் எழுதியதெல்லாம் சரியாகவே இருந்ததால் விட்டுவிட்டார்.

செய்தி வெளியான அன்று காலை, சிவக்குமார் போன ஃபைபர் படகு கவிழ்ந்து, இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். கருக்களாச்சேரிக் குழுவில் ஒருவர், “சிவக்குமாரைக் காணோம், பாத்தவங்க சொல்லுங்க” என்று போட்டார். மெஷின் அதுவரை படித்திருந்த ஆயிரக்கணக்கான மீனவர் செய்திகளில், காணோம் என்றவர்களில் பெரும்பாலோர் திரும்பியிருக்கவில்லை. எனவே, மீனவர் பலி என்று தலைப்பிட்டது. அப்படிப்பட்ட செய்திகளின் கடைசி வரி எப்போதும் எப்படி இருக்குமோ அப்படியே, தகவலறிந்து மனைவி செல்வராணி கதறி அழுதது காண்போரைக் கண்கலங்க வைத்தது என்று முடித்தது. பெயரைக்கூட ரேஷன் கடைப் பட்டியலிலிருந்து அதுவே எடுத்துக்கொண்டது. அன்சாரி முழுதும் படித்தார். கடைசி வரி நன்றாக இருப்பதாகவும் நினைத்தார். போன் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அவர் பொத்தானை அழுத்தினார்.

குழுவில் தகவல் வந்து அதற்குள் இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. தேடப் போன படகுகளில் பாதி, செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பின. சிவக்குமாரின் அப்பா வைத்தியலிங்கம், பேரப்பிள்ளையை விட்டுச் செய்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் மறுநாள் சாயங்காலம் இறந்துபோனார். கோடியக்கரைப் படகு ஒன்று தூக்கிக்கொண்டு போயிருந்த சிவக்குமார், போனைக் கடலில் விட்டிருந்தார்; அந்தப் படகு கரை சேர இரண்டு நாளாயிற்று, யார் எண்ணும் அவருக்கு மனப்பாடமில்லை. அவர் வந்து இறங்கியபோது அப்பாவை அடக்கம் செய்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அடுத்த ஐந்தாவது நிமிடம், உயிர்பிழைத்து வந்த மீனவர், கிராமமே மகிழ்ச்சி வெள்ளத்தில் என்று மெஷின் எழுதியது. வைத்தியலிங்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அவர் இறந்ததை யாரும் குழுவில் போட்டிருக்கவில்லை. ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அன்சாரி முதன்முறையாகக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். போன் செய்தார். மறுமுனையில் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி நஜீபா வந்து நின்றாள்.

“அல்லாகிட்ட எத்தன வாட்டி மன்னிப்பு கேட்டாலும், அவங்ககிட்ட ஒரு வாட்டி கேட்டாவணும்ங்க. போயிட்டு வாங்க.”

சிவக்குமார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடியில் வாயகன்ற ஒரு அன்னக்கூடைப் பாத்திரம். அவர் விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் கொடியில் காய்ந்தன.

“நீங்கதான் எழுதுனீங்களா?”

“மெஷின் எழுதுச்சு. நான் சரின்னு அழுத்துனேன்.”

“படிச்சுட்டா?”

“படிச்சுட்டுத்தான்.”

அடுப்படியிலிருந்து செல்வராணி வெளியே வந்தாள். “நான் அழுதேன்னு போட்டிருந்திங்க. அந்நேரம் நான் கொழம்புக்குப் புளி கரைச்சிக்கிட்டு இருந்தேன் சார். ஒங்க செய்தியப் படிச்சப்பறந்தான் அழுதேன். காணோம்னு போட்டிருந்தா எங்க மாமா காத்துக்கிட்டு இருந்திருப்பாரு. பத்து நாளுன்னாலும் காத்திருப்பாரு.”

அன்னக்கூடை நிரம்பித் தளும்பியது. அன்சாரி குனிந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் ஊற்றிவிட்டு வந்து, காலிக் கூடையை மறுபடி நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து நடந்ததைக் கையால் எழுதினார். வைத்தியலிங்கம் எப்படிச் செத்தார், எந்தச் செய்தியால், அதை யார் அழுத்தியது என்று தன் பெயரோடு எழுதினார். அஜ்மீர் படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

“அன்சாரி நானா, திருத்தம் போட்டாச்சு. இத நாமளே போட்டுக்கிட்டா தளத்த மூட வேண்டியதுதான். விடுங்க.”

“நான் ஒரு போன் பண்ணியிருந்தா அந்த மனுசன் இன்னைக்கு இருப்பாரு தம்பி.”

அஜ்மீர் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில் அன்சாரி அதைத் தட்டெழுதிப் பொத்தானை அழுத்தினார். ஒன்றரை மணி நேரம் அது தளத்தில் இருந்தது. நாலாயிரம் பேர் படித்தார்கள். பிறகு செய்தியும் போனது, வேலையும் போனது. உண்மை வெளிவந்துவிட்டால் தண்ணீர் நின்றுவிடும் என்று அன்சாரி உள்ளூர நம்பியிருந்தார். மறுநாள் போய்ப் பார்த்தார். நிற்கவில்லை. அன்றைக்கு அரைக் குடம் கூடுதலாகவே வந்தது.

அதற்குப்பின் இரண்டு வருடங்கள் போய்விட்டன. மெஷின் இப்போது நாளுக்கு இருநூறு செய்தி எழுதுகிறது. அன்சாரி தானாக ஒரு சிறு பக்கம் நடத்துகிறார். நேரில் பார்த்ததை மட்டும், வாரத்துக்கு ஆறேழு செய்தி. சிவக்குமார் மறுபடி தொழிலுக்குப் போகிறார். அவர் ஏறும் படகில் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதற்கு ஓர் ஆள் கூடுதலாகப் போவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் சேர்வதை, காலை பஜ்ருத் தொழுகை முடித்து வண்டியில் வரும் அன்சாரி சுமந்துபோய்க் கடலில் ஊற்றுகிறார். வரச் சொன்னவரும் இல்லை, வேண்டாம் என்றவரும் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள், ஊற்றிவிட்டு வண்டியை எடுக்கப் போனவரைச் செல்வராணி கூப்பிட்டாள். மத்தி மீன் குழம்பும் சோறும் தட்டில் இருந்தன.

“சாப்புட்டுப் போங்க.”

அவர் தயங்கி நின்றார்.

“மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதிங்க சார். வெறும் வயித்தோட தூக்குறிங்களேன்னுதான்.”

எதிரே சிவக்குமார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தரை முழுக்க ஈரம். அன்சாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தார். கைலி நனைந்தது. செல்வராணி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.