அமாதோ அடைத்த தோட்டாக்கள்

மணிலாவுக்குத் தெற்கே, பத்தங்காஸ் குன்றுகளுக்கு நடுவே, கல் எடுத்து முடிந்து கைவிட்ட குவாரிதான் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுகளம். பள்ளத்தை மண்மேடு போட்டுத் தனித்தனிக் களங்களாகப் பிரித்திருந்தார்கள். அன்று மண்டலப் போட்டி. முந்தைய நாள் பெய்த மழையில் செம்மண் செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது.

லிகாயா களநடுவர்; சுடுபவரின் நேரத்தைக் குறிப்பதும் அவள்தான். தன் கணவன் சுடும் களத்தில் அவள் நிற்பதாக இல்லை. அங்கே நிற்கவேண்டியவர் டெங்குக் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவளை அனுப்பிவிட்டார்கள்.

"வீட்லயும் இவதான் ஆர்டர் போடுறா, இங்கயும் இவதானா? எனக்கு லீவே கிடையாதா?" என்றான் அமாதோ. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பாத்து, மேடம். கடிகாரம் புருஷன் பக்கமா சாஞ்சிடப்போகுது," என்றான் ஹிலாரியோ. மண்டல அணியில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு அமாதோவுக்கும் அவனுக்கும்தான் போட்டி.

அமாதோவின் வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. லிகாயாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது. இந்த முறை விட்டால் அணி என்ற பேச்சே இனி இல்லை.

ஒலிப்பான் கத்தியதும் அவன் சுட ஆரம்பித்தான். இரும்புத் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பளீர் பளீரென்று வெடித்துக்கொண்டிருந்ததற்கு நடுவே ஒரு வெடி மட்டும் ஈரத்துணியை உதறியதுபோல் சோர்ந்து ஒலித்தது. துப்பாக்கியின் மேல்பாகம் பாதி வழியில் நின்றது.

"ஸ்டாப்!" என்றாள் லிகாயா.

வெடிமருந்து குறைந்த தோட்டா அப்படித்தான் ஒலிக்கும். குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அடுத்த தோட்டா அதன்மேல் மோதிக் குழலையே பிளந்துவிடும். துப்பாக்கியைக் காலி செய்து, மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். குழல் வழியே மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. குண்டு எப்படியோ வெளியேறியிருந்தது. அப்படியென்றால், விதிப்படி சுடுபவர் முதலிலிருந்து மறுபடி சுடலாம்.

"ஆட்டம் சொதப்புதுன்னு தெரிஞ்சதும் பொண்டாட்டி ஸ்டாப்புங்கறா, புருஷன் முதல்லேர்ந்து ஆரம்பிக்கறான்," என்றான் ஹிலாரியோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எனக்கு வாச்சவளுக்குத் துப்பாக்கியக் கண்டாலே ஆகாது!"

சிரிப்பு எழுந்தது. லிகாயாவின் காது மடல்கள் சுட்டன. அவள் அமாதோவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"மாதோ, இந்த டப்பாத் தோட்டா வேணாம். வீட்ல நீ அடைச்சதுல மருந்து சரியா விழல. யார்கிட்டயாவது கடைத் தோட்டா வாங்கிக்க."

"ஒண்ணே ஒண்ணு மக்கர் பண்ணுச்சு. அதுக்காக மொத்தத்தையும் கொட்டச் சொல்றியா? என் துப்பாக்கி இதுக்குத்தான் பழகியிருக்கு. வேற போட்டா குறி தப்பும்."

அந்த டப்பாவைப் பறிமுதல் செய்ய அவளுக்கு அதிகாரம் இருந்தது. கையைக்கூட நீட்டப் போனாள். முதுகுக்குப் பின்னால் ஹிலாரியோ இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கையை இழுத்துக்கொண்டாள்.

மறுபடி ஒலிப்பான். மறுபடி தட்டுகள் சாய்ந்தன. பிறகு, வெடி என்றே சொல்லமுடியாத ஒரு சத்தம், கதவில் விரல் மடக்கித் தட்டியதுபோல 'டொக்'. துப்பாக்கி அவன் கையில் குலுங்கவே இல்லை. பல வருடப் பழக்கத்தில் அமாதோவின் கை தானாகவே மேல்பாகத்தை இழுத்து, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளிப் புதிய தோட்டாவை ஏற்றிவிட்டது. விரல் விசைக்குப் போனது.

லிகாயா வாயைத் திறந்தாள். மறுபடியும் நிறுத்தினால் என்ன பேசுவார்கள் என்ற நினைப்பு ஒரு மூச்சு நேரம் குறுக்கே நின்றது. அவ்வளவுதான்.

"ஸ்டாப்! மாதோ, ஸ்டாப்!"

நடுவரின் குரலாக இருந்திருந்தால் அந்த வேகத்தில் அவன் காதில் ஏறியிருக்காது. அது அவன் மனைவி அலறிய குரல். விரல் விசையிலிருந்து விலகியது.

"ஜாம்தான் ஆச்சு, காயா! வெறும் ஜாம்!" அவன் கத்தினாலும் துப்பாக்கியின் வாய் மண்மேட்டை விட்டு அசையவில்லை.

"மேகஸினைக் கழட்டு. உள்ள இருக்கறத வெளிய எடு. காட்டு."

மேசையில் ஒருவர் பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டார். கொஞ்ச தூரம் போய்க் கம்பி முட்டி நின்றது. ஹிலாரியோ எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"இன்னொரு தடவ அமுக்கியிருந்தா..." என்றான்.

குழலில் குண்டு இருந்ததால் இம்முறை மறுவாய்ப்பு கிடையாது. அமாதோவின் போட்டி அத்தோடு முடிந்தது. ஆனால் அவன் அதை நினைத்ததாகவே தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"காயா... அதே மருந்துல ரெண்டு டப்பா அடைச்சேன். இன்னொன்ன இசிட்ரோவுக்குக் குடுத்தேன்."

இசிட்ரோ பக்கத்து வீட்டுக்காரன். அமாதோவின் பெண்ணுக்கு ஞானத்தகப்பன். அவன் அப்போது கடைசிக் களத்தில் இருந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

லிகாயா வாக்கிடாக்கியைப் பிடுங்கி, "எல்லாக் களமும் நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள். கரகரப்புதான் பதிலாக வந்தது. அமாதோ ஓடினான். சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, கைகளைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே ஓடினான். பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. தகரத்தைக் கிழித்ததுபோல் ஒரு சத்தம். அதன் பிறகு எந்தக் களத்திலும் வெடியில்லை.

இசிட்ரோ மண்ணில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். விரல்களுக்கிடையில் ரத்தம் ஒழுகியது. பக்கத்துக் களத்து வெடிகளில் முந்தைய தோட்டாவின் சோர்ந்த சத்தம் அங்கிருந்த நடுவருக்குக் கேட்டிருக்கவில்லை. குழல் வீங்கிப் பிளந்து கிடந்தது. அவன் போட்டிருந்த கண்ணாடியில் ஓர் இரும்புச் சில் குத்தி நின்றது.

லிப்பா நகரத்து மருத்துவமனையில் ஆள்காட்டி விரலைப் பாதியோடு எடுத்தார்கள். இசிட்ரோவின் மனைவி பெலென், சந்தையிலிருந்து மாவு படிந்த மேலாடையோடு ஓடிவந்தாள். அமாதோவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

மயக்கம் தெளிந்த இசிட்ரோ கேட்ட முதல் கேள்வி, "டேய் அமாதோ, ஜெயிச்சது யாரு?"

"ஹிலாரியோ."

"அடச்சே! அவனா? விரல் போனதக்கூடத் தாங்கிக்கலாம்டா."

அமாதோ சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வாயில் கோணி, அழுகையாக உடைந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வெளியே தாழ்வாரத்தில் லிகாயா சுவரோரம் நின்றிருந்தாள்.

"நீ சொன்னே. நான்தான் கேக்கல," என்றான் வெளியே வந்த அமாதோ.

"சொல்றதோட என் வேலை முடியல, மாதோ. பிடுங்கி வச்சிருக்கணும். அப்பவே பிடுங்கியிருந்தா இன்னொரு டப்பா ஞாபகம் உனக்கு அப்பவே வந்திருக்கும். ஹிலாரியோ சிரிக்கறான்னு கைய இழுத்துக்கிட்டேன்."

அமாதோ அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

மறுநாள் அவன் மிச்சத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாளில் கொட்டினான். சிலவற்றில் ஒரு சிட்டிகை மருந்து, சிலவற்றில் அதுவுமில்லை. மழை ஈரத்தில், தோட்டா அடைக்கும் இயந்திரத்தின் மருந்துப் புனல் அடைபட்டிருந்தது. இயந்திரத்தை மேசையிலிருந்து கழற்றிச் சாக்கில் கட்டி வைத்தான். அதன் பிறகு தோட்டா அடைக்கவில்லை. நாள் தவறாமல் இசிட்ரோவின் வீட்டுக்குப் போனான். பெலென் அவனுக்கு மறுபடி காப்பி கொடுக்க வெகுநாள் ஆயிற்று.

லிகாயா நடுவர் வேலையை விடவில்லை. மழைக்காலம் ஓய்ந்த பிறகு நடந்த போட்டியில், மணிலாவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவரின் துப்பாக்கி சோர்ந்து ஒலித்தது. நிறுத்தினாள். பிரித்துப் பார்த்ததில் குழல் காலியாக இருந்தது. மறுபடி சுட அவர் தயாரானபோது அவள் கையை நீட்டினாள்.

"அந்த டப்பாவக் குடுங்க."

"எதுக்கு மேடம்? குழல்தான் சுத்தமா இருக்கே!"

"இருக்கட்டும். குடுங்க."

அவர் முணுமுணுத்தார், விதிப்புத்தகம் கேட்டார், தலைமை நடுவரைக் கூப்பிடச் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் டப்பா கைக்கு வரும்வரை லிகாயா நீட்டிய கையை மடக்கவே இல்லை.