தாமசம் இல்லை

"இன்னொரு தடவை வாசிங்கக்கா," என்றாள் இசக்கிசெல்வி.

"நாலு தடவை வாசிச்சாச்சு. அஞ்சாவது தடவை வாசிச்சா உன் பேரு மொளைச்சு வருமாட்டி?" என்றாள், சுக்குக் கடையில் அவளோடு வேலை பார்க்கும் சகீலா. என்றாலும், சுவரில் ஒட்டியிருந்த மலையாளப் பட்டியலில் விரலை வைத்து மறுபடியும் மேலேயிருந்து இறங்கினாள்.

அது தீவு டிரஸ்டின் ஆபீஸ். கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்களையும், காயலோரத்து உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்களையும் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்ட தர்ம ஸ்தாபனம். சிகாபுதீன் முதலாளியின் அரிசிக் கிடங்கு இப்போது அவர்கள் கைக்குப் போய்விட்டது. அதன் மாடியறையில்தான் இசக்கிசெல்வியும் புருஷன் மாரிச்செல்வமும் பதினோரு மாதமாகக் குடியிருந்தார்கள். வாடகைக்குப் பதிலாகக் கிடங்குக்குக் காவல். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிடங்கைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே குடியிருந்ததாகப் பட்டியலில் பேர் இருந்தால் டிரஸ்டே வேறு வீடு தரும். பக்கத்துக் கிடங்குகளில் இருந்த ஐந்து குடும்பங்கள் சாவி வாங்கியாயிற்று.

"உங்க கிடங்கு இந்தா இருக்கு. ஓடு பழசு, உத்தரம் தேக்கு, பின்னால கண்டல் மரம் பதினாலு. மச்சுல வெள்ளிமூங்ஙா..."

"அது யாருக்கா?"

"வெள்ளை ஆந்தைட்டி. ஜோடி ஒண்ணு. தாமசம் உண்டு, தொந்தரவு செய்யக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஆளுக்கு என்ன போட்டிருக்கு?"

"ஆள் தாமசம் இல்லை."

இசக்கிசெல்விக்கு அப்போதுதான் அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்று ஞாபகம் வந்தது. தென்காசிப் பக்கமிருந்து வந்த இரண்டாவது மாதம், டிரஸ்டிலிருந்து கணக்கெடுக்க வந்த, பேன்ட் போட்ட ஒருவர் கிடங்கு வாசலில் நின்று கதவைத் தட்டினார். அவள் மாடியில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இவிடெ தாமசம் உண்டோ?" என்று கீழேயிருந்து கேட்டார். கதவைத் திறக்கத் தாமசம் ஆகுமோ என்றுதான் கேட்கிறார் என்று நினைத்து, "தாமசமே இல்ல சார், இந்தா வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து திறந்தாள். அவர் மாடி ஏறாமல் கீழ்ச்சுவரை அளந்து, உத்தரத்தையும் ஆந்தைகளையும் அண்ணாந்து பார்த்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். இங்கே குடியிருப்பதற்கும் தாமசம் என்றுதான் பெயர் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

இதைச் சொல்லி முடித்ததும் சகீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"படச்சோனே! உன்னை யாரு பதில் சொல்லச் சொன்னா? அந்த ஆந்தையைப் பாரு. வாயைத் திறக்காம இருந்துச்சு, பொழச்சுக்கிச்சு."

மேசைக்குப் பின்னாலிருந்த ஸ்நேஹா மேடம் எல்லாவற்றையும் கேட்டாள். நல்ல பெண். சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லை.

"மனசிலாயி சேச்சி. ஆனா லிஸ்ட் கமிட்டியில பாஸாயிடுச்சு. இனி பேரு சேர்க்கணும்னா ப்ரூஃப் வேணும். ரேஷன் கார்டு, ஆதார்?"

"எல்லாம் தென்காசி அட்ரஸ்லதான் இருக்கு மேடம்."

"அப்போ பழைய ஓனர் ஒரு லெட்டர் தந்தால் நான் கமிட்டியில் கேட்டுப் பார்க்கலாம்."

இசக்கிசெல்வி ஆபீஸ் வராந்தாவிலேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டாள்.

"இசக்கி, நீ நல்ல பிள்ளை," என்றார் சிகாபுதீன். "உன்னைப்போல ஒரு காவல் எனக்குக் கிடைச்சதில்லை. ஆனா ஆளில்லாத கெட்டிடம்னு கையெழுத்துப் போட்டுத்தானேம்மா நான் கொடுத்தேன். இப்ப ஆள் இருந்துச்சுன்னு எழுதினா ரெண்டுல ஒண்ணு பொய்னு ஆயிடாதா?"

"ரெண்டுல எது பொய் முதலாளி?"

மறுமுனையில் லாரி ஹாரன் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"வச்சிட்டாரா?" என்றாள் சகீலா.

"வச்சிட்டாரு."

புருஷனிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாரிச்செல்வம் ஆலுவாவில் சென்டிரிங் வேலையில் இருந்தான். அங்கே தகரக் கொட்டகையில் பன்னிரண்டு ஆம்பிளைகள் படுத்துக் கிடந்தார்கள். சனிக்கிழமை கிடங்குக்கு வருவான். வந்து பூட்டைப் பார்ப்பான்.

திரும்பி உள்ளே போனபோது அவள் முகத்தைப் பார்த்தே ஸ்நேஹாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பேனாவை மூடினாள், திறந்தாள்.

"சேச்சி, ஒரு காரியம் செய்யலாம். கட்டடத்தை அடிச்சு வாரி சுத்தமாக்க ஆள் வேணும். திங்கள் முதல் வர முடியுமா? காலையில ஒன்பது முதல் சாயங்காலம் அஞ்சு வரை."

"அதே கிடங்கா?"

"அதே கிடங்கு."

"அஞ்சு மணிக்குப் பொறவு?"

"பூட்டிடுவோம் சேச்சி. உள்ளே ஆள் இருக்கக்கூடாதுன்னு ரூல்."

குடியிருந்த வீட்டைக் கூலிக்குப் பெருக்குவதா என்று கேட்க இசக்கிசெல்விக்கு வாய் வந்தது. கேட்டு என்ன கிடைக்கும்? சுக்குக் கடையிலும் இந்த மாதம் வேலை இல்லை.

"வாரேன்," என்றாள்.

ஸ்நேஹா புது நோட்டைத் திறந்து பேரை எழுதினாள். "அட்ரஸ் சொல்லுங்க. இவிடத்தெ, கொச்சி அட்ரஸ்தான் வேணும்."

இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள். நாக்கில் வந்தது கிடங்கு நம்பர்தான். சகீலாதான் முன்னால் வந்து தன் வீட்டு நம்பரையும் தெருப்பேரையும் சொன்னாள். அது எழுதி முடிகிற வரைக்கும் இசக்கியைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் கையைப் பிடித்தாள்.

"அட்ரஸ் மட்டும்தான்ட்டி தர முடியும். ஒத்தை அறையில ஏழு பேர் கெடக்குறோம். படுக்க எடமில்ல."

"தெரியும்க்கா."

"எங்கட்டி போவே?"

"மொதல்ல பாத்திரத்தைக் கீழே எறக்கணும். அடுப்பை எறக்க ஒரு ஆள் வேணும். வாரிங்களா?"

மணி பதினொன்றரை ஆகியிருந்தது. இரண்டு பேரும் பஜார் வழியாகக் கிடங்கைப் பார்த்து நடந்தார்கள்.