நீளப் பின்னல்

தொழிற்சாலையிலிருந்து வரும் முதல் சிப்பை அடுக்கடுக்காகச் சுரண்டிப் படமெடுத்து, தான் ஒப்புதல் தந்த வரைபடத்தோடு ஒத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. இடையில் யாராவது களவாக ஒரு சுற்றைச் செருகியிருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. இது வங்கி அட்டைக்கான சிப். உள்ளே இருக்கும் ரகசியச் சாவி கசிந்தால் அட்டை வைத்திருப்பவர்கள் கதி அதோகதிதான்.

அன்று, வரைபடத்தில் காலியாக இருந்த ஒரு மூலையில் ஏதோ முளைத்திருந்தது.

"சார், யாரோ கை வெச்சிருக்காங்க!"

மேலாளர் ஓடி வந்தார். பின்னாலேயே, அந்தச் சிப்பின் கம்பிகளை வரைந்த அவள் கணவனும் வந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். மூக்குக்கண்ணாடி. முறைப்பு. நீண்ட பின்னல்.

"இது நீங்கதானேம்மா?" என்றார் மேலாளர்.

கணவன் மென்று விழுங்கினான். "கல்யாண நாளுக்கு... காலி மூலையில படம் போடறது எங்க ஆளுங்க வழக்கம்தானே."

"நான் ஒப்புதல் குடுத்ததுக்கு அப்புறமாவா?"

"முன்னாடி போட்டா நீ பாத்துடுவியே!"

மேலாளர் சிரித்துவிட்டார். "வெறும் உலோகக் கிறுக்கல். எதையும் தொடாத வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. விட்டுடலாம்மா."

அவளுக்கும் விட்டுவிடத்தான் ஆசை. அறிக்கையில் எழுதினால் அவன் வேலைக்கே உலை. ஆனாலும் பழக்கதோஷம், விரல் திரையில் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கியது. நுனி ஒரு கம்பியைத் தொட்டது. சாவி ஓடும் கம்பி.

இரண்டு கம்பிகளைச் சேர்த்திருந்தால் சரிபார்க்கும் மென்பொருள் கத்தியிருக்கும். ஒன்றை மட்டும் தொட்டதால் வாய் திறக்கவில்லை. ஆனால் சாவி ஓடும் கம்பியில் இப்படி வால் தொங்கினால் அது ஆண்டெனா. பக்கத்தில் கருவியோடு நிற்பவன் ஒட்டுக் கேட்கலாம்.

"என் முடி தோள் வரைக்கும்தானே இருக்கு? இடுப்பு வரைக்கும் எதுக்குங்க இழுத்தீங்க?"

"அழகா இருக்கட்டுமேன்னுதான்..."

அவள் எழுதினாள், அவன் பெயரோடு. அவன் படித்துவிட்டு, கீழே "உண்மை" என்று கையெழுத்திட்டான். சிப்பின் மேலடுக்குக்கான அச்சை மட்டும் மாற்றினால் போதும், பெரிய நஷ்டமில்லை என்று தெரிந்ததால் அவன் வேலை பிழைத்தது. ஆனால் இனி அவள் பூட்டி முத்திரையிடாமல் அவன் கோப்பு வாசல் தாண்டாது என்று உத்தரவு வந்தது.

"வீட்டுல மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்" என்றான் அவன்.

அவள் முறைத்தாள். பின்னலில் கோட்டை விட்டாலும், அந்த முறைப்பை மட்டும் அவன் அச்சு அசலாக வரைந்திருந்தான்.