மச்சினனின் முதல் வருஷத்து வண்டி

இதில் ஒரு சொல் பொய் என்றாலும், நாளைக் காலை டம்ளரிலிருந்து எடுக்கும் பல்செட் என் வாய்க்குப் பொருந்தாமல் போகட்டும். எனக்கு இருப்பது அந்த ஒரு செட்தான். அதற்கு மேல் பணயம் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தான். தனியாக வரவில்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகத் தவழும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தான். வாலிபத்தில் ஷோரூமிலிருந்து அவனே புத்தம் புதிதாக எடுத்த வண்டி. அது எங்கள் ஷெட்டுக்குள் போயிற்று. அவன் எங்கள் பின்னறைக்குள் போனான். அந்த இரண்டு நாள் முடிவதற்குள் எனக்குத் தலை நரைத்து, அந்த நரையும் கொட்டிவிட்டது.

“எப்போ மச்சான் கிளம்பறே?” என்று கேட்டால், “வண்டி நல்ல விலைக்குப் போகட்டும் அத்தான். வீடு ஒண்ணு வாங்கிட்டு அன்னிக்கே கிளம்பிடறேன்” என்பான். சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் செய்தித்தாளைப் படிப்பான். ஆகவே அந்த வண்டி விற்பதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

பழைய கார்களுக்கு விலை மதிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். “எந்த வருஷத்து வண்டி?” என்றார். சொன்னேன். மறுமுனையில் ஏதோ தொப்பென்று விழுந்தது. விழுந்தது அவரேதான் என்று பிறகு தெரிந்தது.

“ஐயா, அது அந்த மாடல் வந்த முதல் வருஷத்து வண்டி!” என்றார், தரையிலிருந்தபடியே. “அப்போதான் பெரிய இன்ஜின், ஆறு சிலிண்டர். அடுத்த வருஷமே புகைக்குச் சட்டம் வந்து நாலாக் குறைச்சுட்டாங்க. பார்க்க ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஹெட்லைட் மேல கண்ணாடி மூடி இருக்கா?”

“இருக்கு.”

“முதல் வருஷமேதான். நாளன்னைக்கு வர்றேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு யாரும் எதையும் தொடாதீங்க.”

இதை அட்சரம் பிசகாமல் என் மனைவியிடம் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்று தெரிந்த பிறகு அவளிடம் வேறு எதைச் சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். விருந்தாளி வருவதென்றால் ஏணி போட்டு ஏறிக் கூரை ஓட்டைத் துடைப்பவள் அவள்.

“முன்னபின்ன தெரியாத மனுஷன் வர்றார். வண்டி இருக்கற லட்சணத்தைப் பார்த்தா நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன நினைப்பார்?” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

முதலில் சோப்பு. பிறகு பிரஷ். அதிலும் திருப்தி வராமல், எங்கள் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தவரையே கூப்பிட்டு, மிச்சமிருந்த பச்சையை வண்டி முழுக்கப் பூச வைத்தாள். கிழிந்த தோல் சீட்டைப் பிரித்தால் உள்ளே எலிக்கூடு. அது மதில் தாண்டிப் போயிற்று. சீட்டுக்குப் பஞ்சு அடைத்து, திரைச்சீலைக்கு வாங்கிய பூப்போட்ட துணியைத் தைத்தாள். என் மச்சினன் கட்டிலில் படுத்தபடியே மேற்பார்வை செய்தான்.

மதிப்பீட்டாளர் வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி சகிதம் வந்தார். ஷெட் கதவைத் திறந்தேன். அவர் வாய் திறந்தது. கதவு மூடியது, வாய் மூடவில்லை. என் மனைவி முகவாயைப் பிடித்து மேலே தள்ளி மூடினாள்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?” என்றார், சாவு வீட்டில் விசாரிக்கும் குரலில்.

“சுத்தம் பண்ணினேன்.”

“ஒரு வண்டியை எத்தனை தடவை வேணும்னாலும் புதுசாக்கலாம்மா. அசலா இருக்கறது ஒரே தடவைதான்! ஃபேக்டரியில அடிச்ச பெயிண்ட் வெளுத்திருந்தாலும் அதுக்குத்தான் மதிப்பு. கிழிஞ்சிருந்தாலும் அந்தத் தோலுக்குத்தான் மதிப்பு. நீங்க துடைச்சது அழுக்கு இல்ல, விலை!”

பானெட்டைத் திறந்தார். இன்ஜினில் பொறித்த எண்ணையும் வண்டியின் தகட்டில் இருந்த எண்ணையும் பூதக்கண்ணாடியால் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டும் ஒத்துப்போகல. இது ஏதோ வேனோட இன்ஜின். அதுவும் நாலு சிலிண்டர்.”

நாங்கள் எல்லாரும் மச்சினனைப் பார்த்தோம்.

“அது ரொம்ப பெட்ரோல் குடிச்சுது அத்தான்” என்றான் அவன், நகத்தைக் கடித்துக்கொண்டே. “அதான் மாத்திட்டேன். பழசைத் தெருமுனை லாண்டரிக்காரருக்குச் சும்மா குடுத்துட்டேன்.”

“தலையைக் குடுத்துட்டுத் தொப்பி வாங்கினவன்டா நீ!” என்று அக்காக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

லாண்டரிக்கு ஓடினோம். அங்கே துணி பிழியும் டிரம்மை அந்த ஆறு சிலிண்டர்தான் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் சட்டையிலும் பொத்தான் இல்லாததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. போன மாதம் அந்த டிரம்மைக் குனிந்து எட்டிப் பார்த்த தபால்காரருக்கு அடித்த காற்றில் முகச் சுருக்கமெல்லாம் போய்விட்டது. வீட்டுக்குப் போனால், யாரோ வாலிபன் என்று அவர் மனைவி கதவைச் சாத்திவிட்டாள். அவர் இன்னும் தபாலாபீசிலேயே படுத்துக்கொள்கிறார்.

“வேன் இன்ஜினை வச்சுக்கோங்க, எங்களதைத் திருப்பிக் குடுங்க” என்றேன்.

“எடுத்துட்டுப் போங்கண்ணே. போன வாரம் ஒரு போர்வையைப் போட்டேன், கைக்குட்டையா வந்துச்சு” என்றார் லாண்டரிக்காரர்.

இன்ஜினை ஏற்றினோம். எண் ஒத்துப்போனது. மதிப்பீட்டாளர் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார், உதடு கறுத்துப்போனது. சாவியைத் திருப்பியதும் அது உறுமிய உறுமலில், பாம்பு சட்டை உரிப்பது போல, கேட்டுக்கு அடிக்கும் அந்தப் பச்சைப் பெயிண்ட் மொத்தமாகக் கழன்று வாசலில் போய் நின்றது. கார் உருவத்திலேயே நின்றது. அடியில் ஃபேக்டரிச் சிவப்பு, வெளுத்து, பத்திரமாக இருந்தது. வாசலில் நின்ற பச்சையை எதிர்வீட்டுக்காரர் வந்து என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

எலிக்கூட்டைத் தவிர எதையும் தூக்கி எறியாதவள் என் மனைவி. தோல் சீட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சீட்டுக்குள் இருந்த நாரை உருவித்தான் எலி கூடு கட்டிவிட்டதே! மதிப்பீட்டாளர் மதில் ஏறிக் குதித்து, கூட்டை எலியோடு அள்ளிக்கொண்டு வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “அத்தனையும் ஃபேக்டரி நார்” என்றார். கொஞ்ச நேரம் எலியையும் பார்த்தார். “இதுவும் பரம்பரையா இந்த சீட்டுதான். அசல்.” எலி தன் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிறகு விலையை என் மனைவியின் காதில் சொன்னார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அதை என் காதில் சொன்னாள். என் பல்செட் கழன்று எலியின் பக்கத்தில் போய் விழுந்தது. மச்சினனுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

நான் பொக்கை வாயோடு உள்ளே ஓடி, அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்தேன்.

“அப்போ வித்துடலாமா?” என்றான், விக்கலுக்கு நடுவே.

“தாராளமா” என்றார் மதிப்பீட்டாளர். “ஆனா ஒண்ணு. நான் சொன்னதுல பாதி, வண்டி முதல் ஓனர் கையிலயே இருக்குங்கறதுக்காக. நீங்க வித்த நிமிஷமே அது ரெண்டாம் ஓனர் வண்டி. பாதிதான் தேறும்.”

“விக்காம வச்சிருந்தா?”

“வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகும்.”

என் மச்சினன் யோசிக்கவே இல்லை. “பாதி விலைக்கு விக்க நான் என்ன முட்டாளா அத்தான்?” என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே பின்னறைக்குள் போனான். விக்கல் நின்றுவிட்டது. எனக்கு ஆரம்பித்தது.

இதை எழுதும்போதுகூட மூக்குக்கண்ணாடியைக் கேட்டுப் பின்னறையிலிருந்து கூப்பிடுகிறான். அவன் வண்டியின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. “என்ன பண்றது, கூடப் பிறந்தவனாச்சே” என்கிறாள் என் மனைவி.

என் மனைவி அவளைப் பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளை. அதனால் இன்று ராத்திரி பல்செட்டை நான் டம்ளரில் போடப்போவதில்லை.