இரண்டாவது பியானோ

பியானோ போட்டியின் அரையிறுதிக்கு ஆர்கெஸ்ட்ரா கிடையாது. அது இறுதிச் சுற்றுக்குப் போகிற மூன்று பேருக்கு மட்டும்தான். அரையிறுதியில் போட்டியாளர் முன்னால் ஒரு பியானோவில் வாசிப்பார்; பின்னால் இன்னொரு பியானோவில் ஆர்கெஸ்ட்ராவின் பங்கை ஒரு ஆள் வாசிக்க வேண்டும். அந்த ஆள் நான். அறுபது பேர் சேர்ந்து செய்கிற வேலையைப் பத்து விரலில் செய்ய வேண்டும், அதையும் யார் கண்ணிலும் படாமல் செய்ய வேண்டும்.

உலகத்தின் பல மூலைகளிலிருந்து எட்டு இளம் கலைஞர்கள் வந்திருந்தார்கள். எட்டுப் பேரும் தேர்ந்தெடுத்தது ஒரே கான்செர்ட்டோ, பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற ஒரே உருப்படி. உலகத்தில் வேறு எதையும் யாரும் எழுதவே இல்லை பாருங்கள்! முதல் ஒத்திகையில் அந்த மெட்டு அழகாகத்தான் இருந்தது. நாலாவது ஆள் வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தூக்கத்திலும் அதே மெட்டு. வலது மணிக்கட்டில் தைலம் போட்டுக் கட்டிக்கொண்டுதான் போட்டிக்கே வந்தேன்.

எட்டில் ஒருத்தி என் அக்கா மகள். கல்யாண வயதைத் தாண்டியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். இந்த உறவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "நீங்க என்ன மார்க்கா போடப் போறீங்க மேடம்? எல்லாருக்கும் ஒரே மாதிரி வாசிங்க, போதும்" என்றார் போட்டிச் செயலாளர். வேறு ஆள் கிடைக்காத கஷ்டம் அவருக்கு.

பாப்பா போகாத போட்டி இல்லை. ஒவ்வொன்றிலும் அரையிறுதியோடு பெட்டியைக் கட்டுவாள். இந்த முறையும் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை என்றால் மேடையை விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அக்கா தினமும் போன் செய்தாள். "நீதான் பக்கத்துலயே இருக்கியே, அவளைப் பார்த்துக்கோடி." எதைப் பார்த்துக்கொள்வது? முன்னால் இருப்பவர் ஓடினால் நானும் ஓட வேண்டும், இழுத்தால் இழுபட வேண்டும். என் அதிகாரம் அவ்வளவுதான்.

பாப்பா காலையில் வாசித்தாள். ஒரு சுரம் பிசகவில்லை. நான் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் போதும் போலிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசி ஆள் நெட்டையன். நானும் பாப்பாவும் வைத்த பெயர்தான். உட்கார்ந்தால் முழங்கால் பியானோவின் அடியில் முட்டும். அவன் முறை வந்தபோது எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அந்த கான்செர்ட்டோவில் ஒரு பொல்லாத இடம் உண்டு. ஒரே மெட்டு இரண்டு முறை வரும். முதல் முறை ஒரு வழியில் திரும்ப வேண்டும், இரண்டாம் முறை இன்னொரு வழியில். நெட்டையன் முதல் முறையிலேயே இரண்டாவது வழியில் போய்விட்டான். நடுவில் சில பக்கங்கள் அப்படியே காணாமல் போயின.

நான் என் நோட்டில் இருந்தபடியே வாசித்திருந்தால் இரண்டு பியானோவும் முட்டிக்கொண்டிருக்கும், அவன் நின்றிருப்பான். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. ஆனால் யோசிப்பதற்குள் கை அவன் இருந்த இடத்துக்குத் தாவிவிட்டது. அவனைப் பிடித்தேன். எங்கே இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிவதற்காக இடது கையைக் கொஞ்சம் அழுத்தியும் வாசித்தேன். சிவந்துபோன அவன் பிடரி மெல்லத் தளர்ந்தது. அதற்குப் பிறகு பையன் பேய் பிடித்த மாதிரி வாசித்தான், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எழுந்து வணங்கும்போதுதான் எனக்குப் பாப்பா நினைவு வந்தது.

முடிவு அறிவித்தார்கள். மூன்றாவதாக நெட்டையன். பாப்பா இல்லை.

காபி மெஷின் பக்கத்தில் நடுவர் குழுத் தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்தப் பையன் வழி தப்பினது எங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனா அசரலை பாருங்க! மேடைக்குன்னே பொறந்தவன்."

"காலையில வாசிச்ச பொண்ணு?" என்றேன்.

"ரொம்ப சுத்தம். குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. மயிரிழையில போச்சு."

அசராதவள் நான் ஐயா, என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அக்கா மகளுக்காக வக்காலத்து வாங்கியதாகத்தான் ஆகும். காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அதைக் குடிக்கவும் பிடிக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் பாப்பா மேடை உடையை மடித்துக்கொண்டிருந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை. களைப்புதான் தெரிந்தது, என்னைவிட வயதான களைப்பு.

"அவன் அந்த இடத்துல பக்கம் தாண்டிட்டான்ல சித்தி? ஹால்ல உக்காந்து கேட்டேன்."

"ஆமா."

"நீங்க போய்ப் பிடிச்சீங்க."

"கை தானா போயிடுச்சு பாப்பா. வேணும்னு செய்யல."

"அதே இடத்துல நான் தாண்டியிருந்தா?"

"உன்னையும் பிடிச்சிருப்பேன். சத்தியமா."

அவள் என் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியும் சித்தி. நான்தான் உங்களுக்கு என்னைத் தாங்கிப் பிடிக்கிற வேலையே வைக்கல. எங்கயுமே விழலையே."